ஆபத்தா, அபாயமா? ஆலைப் பலகையில் எதை எழுதுவது?

ஈரோட்டு மஞ்சள் (ஈரோடு)

வணக்கம் நண்பர்களே. ஒரு சாயப்பட்டறையில் பாதுகாப்புக் குழுவில் இருக்கிறேன். பாய்லர் அறை, மின்சார பேனல் அறை, அமிலத் தொட்டி, காஸ்டிக் (தோலை அரிக்கும் காரம்) கிடங்கு, கழிவுநீர்த் தொட்டி என்று எல்லா இடத்துக்கும் புதிதாகப் பலகை வைக்கப் போகிறோம். மேலிடத்திலிருந்து வந்த வடிவமைப்பில் மூன்று படிகள் இருக்கின்றன. சிவப்பில் டேஞ்சர், ஆரஞ்சில் வார்னிங், மஞ்சளில் காஷன். தமிழ் போட்டவர் கையில் கிடைத்த சொல்லை எல்லாம் தூவிவிட்டார். பேனல் அறைக்கு 'ஆபத்து', அமிலத் தொட்டிக்கு 'அபாயம்', வழுக்கும் தரைக்கு 'அபாயகரமானது'. தரை வழுக்குவதே அபாயகரம் என்றால் காஸ்டிக்குக்கு நான் என்ன எழுதுவது?

கேள்வி இதுதான்: ஆபத்து, அபாயம் இரண்டும் ஒன்றா? ஒன்று பெரிது, இன்னொன்று சிறிது என்று உண்டா? அகராதியைப் பார்த்தால் இதற்கு அது, அதற்கு இது என்று சுற்றலில் விடுகிறது.

---

தூரிகை (மதுரை)

பலகை எழுதுவதுதான் என் தொழில். இப்போது பாதி வேலை ஃபிளெக்ஸ் ஆகிவிட்டது, அது வேறு கதை. கரண்ட் என்றால் 'அபாயம்', தண்ணீர் என்றால் 'ஆபத்து'. இப்படி யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் வருகிற ஆர்டரெல்லாம் அப்படித்தான் வருகிறது. டிரான்ஸ்பார்மரில் 'அபாயம் 11000 வோல்ட்', கீழே மண்டையோடு. ஆற்றங்கரையில் 'ஆழமான பகுதி, இங்கு குளிப்பது ஆபத்தானது'. சாலையில் இரண்டும் இல்லை, 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்'.

மின்சாரப் பலகைக்கு மட்டும் எழுத்தில் விதி இருக்கிறது. இந்தி அல்லது ஆங்கிலத்திலும், கூடவே அந்த மாவட்டத்து மொழியிலும் எழுத வேண்டும். மண்டையோடும் எலும்பும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2551 சொல்கிற வடிவில் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் பேனல் அறைக்கு யோசனையே வேண்டாம். கண்ணுக்குப் பழகின 'அபாயம்' இருக்கட்டும். புதுச்சொல் வைத்தால் நின்று படிப்பான். அங்கே நின்று படிக்க வைப்பதா நோக்கம்?

---

சொல்லாடி (தஞ்சாவூர்)

தூரிகை அண்ணன் சொன்ன பழக்கத்துக்குப் பின்னால் ஒரு இலக்கணம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிது, சிறிது என்ற வேறுபாடு இல்லை. 'ஆபத்து' என்றதும் 'யாருக்கு?' என்று கேட்கத் தோன்றும். 'அபாயம்' என்றதும் 'எங்கே? என்ன ஆகும்?' என்று கேட்கத் தோன்றும்.

நாளிதழைப் புரட்டுங்கள். 'இடிந்து விழும் அபாயத்தில் பள்ளிக் கட்டடம்', 'நோய் பரவும் அபாயம்', 'சாலை துண்டிக்கப்படும் அபாயம்'. முன்னால் ஒரு பெயரெச்சம் வந்து நடக்கப்போவதைச் சொல்லிவிடும். ஆபத்துக்கு முன்னால் வருவது ஆள்: 'உயிருக்கு ஆபத்து', 'குழந்தைக்கு ஆபத்து'. ஆபத்தில் உதவுவது, ஆபத்தில் சிக்குவது எல்லாம் ஆள்தான். பாண்டியனின் மெய்க்காவலர்களை 'ஆபத்துதவிகள்' என்றார்கள், 'அபாய உதவிகள்' என்று சொல்லவில்லை. கடவுளைக் கூப்பிட்டாலும் ஆபத்பாந்தவன். ஆலங்குடிக் கோயிலில் இருப்பவர் ஆபத்சகாயேசுவரர்.

இன்னொரு சோதனை. அபாயம் இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அபாயச் சங்கு, அபாய அளவு, அபாய கட்டம், அபாயச் சங்கிலி. இதில் எதிலாவது ஆபத்தை வைத்துப் பாருங்கள், நாக்கு இடறும். ஆபத்து ஒட்டுவது 'ஆபத்துக் காலம்' மாதிரி மனிதர்கள் கடந்து போகிற பொழுதோடு.

---

எதிர்க்கட்சி (திருநெல்வேலி)

அழகான கோட்பாடு, ஆனால் சாலை அப்படி நேராக இல்லை. 'சுவர் இடிந்து விழும் ஆபத்து உள்ளது' என்றும் எழுதுகிறார்கள். 'ஆபத்தான வளைவு' என்ற பலகையை மலைப்பாதையில் பார்த்ததில்லையா? அந்த வளைவு யாருக்கு ஆபத்து என்று எழுதியிருக்கிறதா? மருத்துவமனைச் செய்தியில் 'அபாய கட்டத்தைத் தாண்டிவிட்டார்' என்கிறார்களே, அங்கே ஆள் இருக்கிறாரே?

---

சொல்லாடி (தஞ்சாவூர்)

எதிர்க்கட்சி சகோ, 'அபாய கட்டம்' ஆளைக் குறிக்கவில்லை, நோயின் ஒரு படியைக் குறிக்கிறது. ஆள் அதைத் தாண்டுகிறார், அவ்வளவுதான். 'ஆபத்தான வளைவு' சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். '-ஆன' சேர்ந்ததும் இரண்டும் கலந்துவிடுகின்றன. ஆபத்தான வளைவு, அபாயகரமான வளைவு இரண்டும் ஓடும். வெறும் பெயர்ச்சொல்லாக நிற்கும்போதுதான் நான் சொன்ன பிரிவு தெரியும்.

பலகையில் தனியாக ஒற்றைச் சொல் வேண்டுமென்றால் 'அபாயம்' பொருந்துவதற்குக் காரணமும் அதுதான். அது ஆளைத் தேடாது, இடத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

---

மட்டுறுத்துநர்

இழையைப் 'பொது உதவி'யிலிருந்து 'மொழியும் வழக்கும்' பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். தொடருங்கள்.

---

வைகைக்கரை (மானாமதுரை)

எங்கள் பக்கம் வந்து 'வெள்ள அபாய எச்சரிக்கை' என்பதைக் கேளுங்கள். தமிழில் இதைவிட மிரட்டலான தொடர் கிடையாது. வெள்ளம், அபாயம், எச்சரிக்கை மூன்றும் வரிசையில் நிற்கின்றன. ஆனால் எங்கள் ஊரில் அது நல்ல செய்தி.

வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடி வந்ததும் முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாம் கட்டம். 69 அடியில் மூன்றாம் கட்டம், அபாயச் சங்கு ஊதுவார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டத்துக்கும் கரையோரம் இருக்காதீர்கள், ஆற்றைக் கடக்காதீர்கள் என்று அறிவிப்பு போகும். 66 என்ற செய்தி டீக்கடைக்கு வந்ததும் எங்கள் ஆட்கள் முகத்தில் வரும் களையைப் பார்க்க வேண்டும். "அறுபத்தாறு தாண்டிருச்சாம்ல, இந்த வருசம் கம்மாய் பெருகிரும்" என்பார்கள். ஒருவர்கூட 'அபாயம்' என்ற சொல்லைப் பயத்தோடு உச்சரித்து நான் கேட்டதில்லை. கரையில் குடிசை போட்டிருப்பவர்களுக்குத்தான் அது அபாயம். எங்களைப் போல ஆற்றையே மணலாகப் பார்த்துப் பழகினவர்களுக்கு அது தண்ணீர் வரும் தேதி.

இதே சொல் டெல்லிச் செய்தியில் வேறு முகம் காட்டும். யமுனைக்குப் பழைய ரயில்வே பாலத்தில் 'அபாய அளவு' 205.33 மீட்டர். 2023 ஜூலையில் 208.66 மீட்டர் வரை போய் நகரத்துக்குள் நுழைந்தது. அங்கே அபாய அளவு தாண்டியது என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பொருள். இங்கே 66 தாண்டியது என்றால் நாற்றுக்குச் சொல்லி வைப்போம். சொல்லாடி சொன்ன 'எங்கே?' என்ற கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

தென்றல்வாசி (குற்றாலம்)

வைகைக்கரை அண்ணாச்சிக்கு எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. மெயின் அருவியில் தலைக்கு மேலே ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. பேப்பரில் அதன் பெயர் 'பாதுகாப்பு வளைவு'. ஊர்க்காரர்களுக்கு வெறும் 'ஆர்ச்'. சாரல் காலத்தில் வண்டியை நிறுத்தும்போதே வெளியூர்க்காரர் கேட்கும் முதல் கேள்வி "ஆர்ச்சைத் தாண்டுதா?" என்பதுதான். ஆபத்தும் இல்லை, அபாயமும் இல்லை. அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிடும்.

---

வேர்ச்சொல் வேலன் (சென்னை)

ஒருவரும் அடிப்படையைத் தொடவில்லையே. இரண்டுமே வடசொற்கள். நல்ல தமிழில் 'இடர்' இருக்கிறது. அரசே 'பேரிடர் மேலாண்மை' என்று எழுதுகிறது. சகோதரி ஆலைப் பலகைகளில் 'இடர்' என்று எழுதி ஒரு நல்ல தொடக்கத்தைச் செய்யலாம்.

---

தூரிகை (மதுரை)

ஐயா, எழுதிக் கொடுக்க நான் தயார். பேனல் கதவில் 'இடர் 440 வோல்ட்' என்று இருந்தால் யாராவது கையை எடுப்பார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

---

சொல்லாடி (தஞ்சாவூர்)

வேலன் ஐயா, 'பேரிடர்' நிலைத்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் அது நிலைத்தது வேறு பொருளில். நடந்து முடிந்த அல்லது ஊரையே தாக்குகிற பெரிய கேடு அது. ஒரு சுவிட்சுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை 'இடர்' என்று மக்கள் சொல்வதில்லை. பழைய பாட்டில் வரும் இடரும் இடுக்கணும் துன்பத்தின் பக்கம் சாய்ந்தவை. பட்டு அனுபவிப்பது இடர். பட்டுவிடக் கூடாதே என்று தள்ளி நிற்க வைப்பது வேறு. உயிர் போகிற இடத்தில் சொல்லைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. பாடநூலில் சோதிக்கலாம், கட்டுரையில் சோதிக்கலாம்.

பிறப்பைப் பற்றிக் கேட்டதால் ஒரு வரி. ஆபத்து, விபத்து, சம்பத்து மூன்றும் ஒரே வேர், முன்னொட்டு மட்டும் வேறு. அதனால்தான் கிராமத்தில் "ஒரு ஆபத்து சம்பத்துன்னா யாரு வருவா?" என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். அபாயம் வேறு குடும்பம், அதன் உடன்பிறப்பு உபாயம்.

---

மலைநாட்டான் (பதுளை)

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் பேரிடர் என்ற சொல் புழக்கத்தில் குறைவு. 'அனர்த்தம்' என்போம். அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்றுதான் அரசாங்கத் திணைக்களத்துக்கும் பெயர். நிலச்சரிவு என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் மண்சரிவு என்கிறோம்.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. வானொலியில் 'மண்சரிவு அபாயம் உள்ள பகுதிகளில் வசிப்போர்' என்று தொடங்கும்போது தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் தங்கள் பிரதேசத்தின் பெயர் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். வந்தால் எங்கே போவது? பள்ளிக்கூடத்துக்கு. எத்தனை நாளைக்கு? மழை விடும் வரை. பிறகு அதே லயத்துக்கு.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண் இறங்கியது. அது முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்த இடம். சொல் தெரியாமல் யாரும் அங்கே இருக்கவில்லை. போக வேறு காணி இல்லாமல் இருந்தார்கள். ஆகவே அபாயமா ஆபத்தா என்று இங்கே நடக்கும் விவாதத்தை வாசிக்க எனக்கு விருப்பம்தான். பலகைக்குக் கீழே 'எங்கே போக வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறதா என்பதையும் அந்தச் சகோதரி பார்த்துக்கொள்ளட்டும்.

---

பனங்காடு (கிளிநொச்சி)

மலைநாட்டான் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்த காலத்தில் வன்னியெங்கும் சிவப்புப் பலகையும் மண்டையோடும்தான். இந்தியாவில் கண்ணிவெடி என்பதை இங்கே மிதிவெடி என்போம். மிதிக்காதே என்ற கட்டளை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு மண்டையோட்டைக் காட்டித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

---

ஏபி சுவிட்ச் (விழுப்புரம்)

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். தூரிகை சொன்ன அபாயப் பலகை பொதுமக்களுக்கு. எங்களுக்குள் அந்தச் சொல்லைப் பேசியதே கிடையாது. கம்பத்தில் ஏறுகிறவன் "லைன்ல அபாயம் இருக்கா?" என்று கேட்க மாட்டான். "சார்ஜ்ல இருக்கா?" என்று கேட்பான். எல்.சி. (லைன் கிளியர், லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கியாச்சா, ஏபி சுவிட்சை (லைனைத் துண்டிக்கும் கம்பத்துச் சுவிட்ச்) திறந்தாச்சா, எர்த் ராடு போட்டாச்சா, அவ்வளவுதான் பேச்சு. இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு எமன் பாக்கி இருப்பான். எவன் வீட்டு ஜெனரேட்டரோ சரியான மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி ஏறி லைனுக்கு வந்துவிடும். 'ரிட்டர்ன் சப்ளை' என்று பெயர். எங்கள் ஆட்களுக்கு உண்மையாகவே முதுகுத்தண்டு சில்லிடும் சொல் அதுதான், அதை எந்தப் பலகையிலும் பார்க்க முடியாது.

திறந்து வைத்த சுவிட்சின் கைப்பிடியில் ஒரு அட்டை மாட்டுவோம், 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று. அதில் ஆபத்தும் இல்லை, அபாயமும் இல்லை. ஆனால் அதைப் படித்தவன் சுவிட்சைத் தொட மாட்டான். மேலே ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும்.

---

சொல்லாடி (தஞ்சாவூர்)

ஏபி சுவிட்ச் ஐயா, இது நான் யோசிக்காத கோணம். தமிழில் நேரில் எச்சரிக்கும்போது நாம் பெயர்ச்சொல்லைக் கூவுவதே இல்லை. குழந்தை அடுப்புப் பக்கம் போனால் "ஆபத்து!" என்று கத்துகிற தாய் உண்டா? "தொடாதே", "சுடும்", "ஏய் பாத்து!". மதுரைப் பக்கம் "சூதானம்". சந்தையில் மூட்டை தூக்கி வருகிறவர் "தள்ளு தள்ளு". எல்லாம் வினை, அல்லது கவனத்தைக் கூப்பிடும் சொல். பெயர்ச்சொல்லாக அபாயம் என்று எழுதி வைப்பது பலகைக்கே உரிய பழக்கம்.

---

சிராங்கூன் (சிங்கப்பூர்)

இங்கே கட்டுமானத் தளங்களில் நான்கு மொழிப் பலகை. தமிழில் 'அபாயம்'. மலாயில் 'பஹாயா'. அந்த மலாய்ச் சொல் வடமொழி 'பய'த்திலிருந்து வந்தது. நம் 'பயம்' அங்கே போய் ஆபத்து ஆகியிருக்கிறது. அதே பயத்துக்கு முன்னால் 'அ' போட்டால் நமக்கு 'அபயம்', அஞ்சாதே என்ற புகலிடம். ஒரு கால் சேர்ந்தால் அபாயம். எழுத்தில் அக்காள் தங்கை போல இருந்தாலும் பிறப்பில் உறவே கிடையாது, பொருளிலும் எதிரெதிர்.

---

தூரிகை (மதுரை)

கால் விட்டுப்போன கதை எங்கள் தொழிலில் உண்டு. ஒரு கணினி மையத்திலிருந்து ஃபிளெக்ஸ் மாதிரி வந்தது, 'அபயம் 11000 வோல்ட்' என்று. கீழே மண்டையோடு. அபய ஹஸ்தம் மட்டும்தான் பாக்கி. நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன் கண்ணில் பட்டது. மஞ்சள் அம்மா, உங்கள் மாதிரியிலும் கால்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

---

பதினாறு சக்கரம் (நாமக்கல்)

லாரிக்காரன் பங்குக்கு ஒன்று. நெல்லூர் தாண்டி வண்டியெல்லாம் நிற்கிறது. எதிரே வந்த டிரைவரிடம் என்ன என்று கேட்டால் "பிரமாதம் ஜரிகிந்தி" என்கிறார். என்னோடு வந்த புதுப் பையன் ஏதோ திருவிழா என்று நினைத்துச் சிரிக்கிறான். தெலுங்கில் பிரமாதம் என்றால் விபத்து, ஆபத்து. நமக்குச் சாப்பாடு பிரமாதம், கச்சேரி பிரமாதம். கன்னட நாட்டுக்குள் போனால் அபாயம் 'அபாய' என்று அப்படியே இருக்கிறது, அங்கே குழப்பமில்லை. கேரளத்தில் 'அபகடம்', விபத்துக்கும் ஆபத்துக்கும் சேர்த்து ஒரே சொல்.

---

எதிர்க்கட்சி (திருநெல்வேலி)

பிரமாதத்துக்கு நம் ஊரிலேயே பாலம் இருக்கிறதே. "அது ஒண்ணும் பிரமாதமில்லை" என்கிறோம். அதில் பாராட்டு இல்லை, 'பெரிய விஷயமில்லை' என்பதுதான். வடமொழியில் பிழை, கவனக்குறைவு. அங்கிருந்து பெரிய விஷயம் என்று ஆகி, பிறகு சிறப்பு என்று ஆகியிருக்கும் என்பது என் ஊகம்.

சரி, சாயப்பட்டறைக்கு வருவோம். சொல்லாடியின் கோட்பாட்டில் இன்னொரு ஓட்டை. அந்த மூன்று படி வடிவமைப்பு அமெரிக்கத் தர விதியிலிருந்து வருவது. அதன்படி டேஞ்சர் என்றால் தவிர்க்காவிட்டால் சாவோ படுகாயமோ நேரும், உறுதி. வார்னிங் என்றால் நேரலாம். காஷன் என்றால் சின்னக் காயம் நேரலாம். ஆனால் நம் பத்திரிகை வழக்கில் 'விழும் அபாயம்' என்பதே 'விழலாம்' என்பதுதான். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் கடகடவென்று படிக்கிறார்களே, 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை' என்று? அங்கே அபாயம் என்றால் வெறும் ரிஸ்க். ஆக, உறுதியாகச் சாவு என்ற உச்சப் படிக்கு 'நேரலாம்' என்ற சொல்லைப் போடச் சொல்கிறீர்கள்!

---

சொல்லாடி (தஞ்சாவூர்)

நல்ல கேள்வி. 'விழும் அபாயம்' என்று முன்னால் வினை வந்தால்தான் அது 'லாம்' ஆகிறது. மண்டையோட்டுக்கு மேலே தனியாக நிற்கும் அபாயத்தை யாரும் 'லாம்' என்று படிப்பதில்லை. சின்ன வயதிலிருந்து டிரான்ஸ்பார்மரில் பார்த்து வந்த சொல், அதற்குச் சாவு என்றே பொருள் ஏறிவிட்டது. விளம்பரத்து அபாயம் வேறு கடையில் விற்கிற சரக்கு.

மூன்று படிக்கும் என் பரிந்துரை: அபாயம், எச்சரிக்கை, கவனம். 'ஆபத்து' தலைப்பாக வேண்டாம், கீழ் வரியில் ஆளோடு வரட்டும்: 'உயிருக்கு ஆபத்து'. 'அபாயகரமானது' எங்குமே வேண்டாம், அது கட்டுரைச் சொல்.

---

ஈரோட்டு மஞ்சள் (ஈரோடு)

எல்லோருக்கும் நன்றி. இன்று கூட்டத்தில் ஒருவழியாக முடித்தோம். பேனல் அறை: 'அபாயம் 440 வோல்ட்', மண்டையோடு. காஸ்டிக் கிடங்கு: 'அபாயம். மேலே பட்டால் வெந்துவிடும். உடனே தண்ணீரில் கழுவு', பக்கத்திலேயே குழாய் இருக்கும் திசைக்கு அம்புக்குறி. மலைநாட்டான் சொன்ன 'எங்கே போவது' அந்த அம்புக்குறியில் வந்துவிட்டது. வழுக்கும் தரை: 'கவனம், வழுக்கும்'.

அதிக நேரம் பேசியது கழிவுநீர்த் தொட்டிக்குத்தான். ஒருவர் உள்ளே மயங்கி விழுந்தால் அடுத்தவர் தூக்கப் போய் அவரும் விழுவார். விஷவாயு சாவுகளில் பாதி கதை அப்படித்தான் கேள்விப்படுகிறோம். அங்கே ஒரு சொல் போதாது என்று எல்லோருக்கும் பட்டது. கடைசியில்: 'அபாயம், விஷவாயு. உள்ளே இறங்காதே. விழுந்தவரைத் தூக்கவும் இறங்காதே. மணியை அடி.' எங்களிடம் ஒடிசா, பீகார் ஆட்கள் பாதிக்கு மேல். இந்தி, ஒடியாவிலும் படத்தோடும் போடுகிறோம். 'இறங்கக் கூடாது' என்று மரியாதையாக எழுதலாமே என்று மேலாளர் கேட்டார். ஏணியில் காலை வைத்துவிட்டவனுக்கு மரியாதை எதற்கு என்று எங்கள் பாய்லர் அண்ணன் கேட்டதும் 'இறங்காதே' என்றே விட்டோம்.

---

வேர்ச்சொல் வேலன் (சென்னை)

'விஷவாயு'வை 'நச்சுக்காற்று' என்றாவது போடலாமே அம்மா?

---

ஈரோட்டு மஞ்சள் (ஈரோடு)

ஐயா, எங்கள் ஆட்கள் பேப்பரில் படிப்பது, டீவியில் கேட்பது எல்லாம் 'விஷவாயு தாக்கி'. அது இருக்கட்டும். பயிற்சி வகுப்புக் கையேட்டில் நச்சுக்காற்று என்று கண்டிப்பாகப் போடுகிறேன்.

---

இரவுப் பணி (சேலம்)

செவிலியர். இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். எதிர்க்கட்சி மேலே கேட்ட 'அபாய கட்டம்' பற்றி: வார்டில் அது கிடையவே கிடையாது, பத்திரிகையில் மட்டும்தான். 'கவலைக்கிடம்' என்பதும் அங்கேதான். எங்களுக்குள் சீரியஸ், ஸ்டேபிள், அவ்வளவுதான்.

நோயாளியின் சொந்தக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்தால் ஒன்று தெரியும். ஆபத்து என்ற சொல்லை அவர்கள் தொடவே மாட்டார்கள். "உசுருக்கு ஒண்ணும் இல்லையே சிஸ்டர்?" என்பார்கள். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்?" என்பார்கள். "ஏதாவது ஒண்ணுன்னா உடனே கூப்பிடுங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாயால் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். ஜாதகம் பார்த்தவர் வீட்டில் மட்டும் "அவருக்கு இந்த மாசம் கண்டம்னு சொல்லியிருந்தாங்க" என்று வெளிப்படையாக வரும். கண்டம் என்றால் அதற்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறதே, அதனால் சொல்லலாம் போல.

டாக்டரும் அவர்கள் பாஷையிலேயே "இப்போதைக்கு ஒண்ணும் பயமில்லை" என்பார். 'ஆபத்து நீங்கிவிட்டது' என்று சொல்லிப் பழக்கமில்லை.

---

எதிர்க்கட்சி (திருநெல்வேலி)

அக்கா, எங்கள் பக்கம் "உசுருக்கு மோசம் இல்லையே" என்றும் கேட்பார்கள். இப்போது மோசம் என்றால் படம் மோசம், ரோடு மோசம் என்று ஆகிவிட்டது. 'உயிருக்கு மோசம்' சேலம் பக்கம் இன்னும் காதில் விழுகிறதா?

---

இரவுப் பணி (சேலம்)

விழுகிறது தம்பி, வயதானவர்கள் சொல்வார்கள். "மோசம் பண்ணிட்டுப் போயிட்டாரே" என்று அழுவதிலும் வரும். ஆனால் அங்கே ஏமாற்றிவிட்டார் என்ற பொருள்தான் முன்னால் நிற்கும். சரி, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. மிச்சம் நாளைக்கு.